பங்கு பிரியாத புஞ்சை

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள், பையனுக்கு எத்தனை ஏக்கர் என்று எடுத்த எடுப்பில் கேட்க மாட்டார்கள். "பங்காளி எத்தனை பேரு?" என்பதுதான் முதல் கேள்வி. இருபது ஏக்கர், நாலு பங்காளி என்றால் ஆளுக்கு அஞ்சு ஏக்கர் என்று பட்டணத்துக்காரர் வகுத்துவிடுவார். எங்கள் கரிசலில் வகுத்தல் அப்படி நடப்பதில்லை. ஒரே புஞ்சையில் மேட்டுப்பக்கம் சரளை கலந்து வெளிறிக் கிடக்கும்; பள்ளத்துப்பக்கம் ஆழக் கரிசல், கையில் எடுத்தால் கருப்பட்டி நிறத்தில் இருக்கும். ஒருத்தனுக்கு மேட்டையும் இன்னொருத்தனுக்குப் பள்ளத்தையும் கொடுத்தால் அன்றைக்கே வெட்டுக்குத்து. அதனால் பெரியவர்கள் உட்கார்ந்து, மேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் நீளவாக்கில் கயிறு பிடித்து, வேட்டியைக் கிழிக்கிற மாதிரி நாலாகக் கிழித்துக் கொடுப்பார்கள். எல்லாருக்கும் கொஞ்சம் சரளை, எல்லாருக்கும் கொஞ்சம் கரிசல். சண்டை வராது.

போவது மண்தான். ஒடுங்கலான நீளத் துண்டில் மாட்டைக் குறுக்கே திருப்பி உழ முடியாது. நீளவாக்கில்தான் சால் ஓடும். நீளவாக்கு என்பது மேட்டிலிருந்து பள்ளம். ஐப்பசியில் ஓங்கி அடிக்கிற மழைக்கு ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். பேரன் தலைமுறை வரும்போது மேட்டுப்பக்கம் சுக்கான் கல் பல்லை இளிக்கும்.

இதைச் சொல்கிற எனக்கு இதுதான் பிழைப்பாக இருந்தது. மண் பாதுகாப்பு வேலையில் லெவல் கருவிக்கு எதிரே ஸ்டாஃப் கட்டையைத் தூக்கிப் பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தவன், ஓவர்சியராக ஓய்வு பெற்றேன். திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டை, கமுதி என்று நான் நடக்காத புஞ்சை கொஞ்சம். அப்படிப்பட்டவன் கண் டாக்டர் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுத வருவானேன் என்றால், கரிசல்காட்டு விவசாயம் எது தெரிந்தால் நிற்குமோ அது அந்த வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. அதை அவர்கள் ஆஸ்பத்திரியில் செய்து காட்டினார்கள். புஞ்சையில் அதைச் செய்யவைக்கத்தான் என் சர்வீஸ் முழுக்கப் போனது.

முதலில் மண். கரிசல் என்பது நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். மான்ட்மாரிலோனைட் என்று ஒரு களிமண் வகை இதில் இருக்கிறது. அதன் ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் போனபிறகு நிலம் பிளக்கும். ஆழக் கரிசலில் ஒரு மீட்டருக்கு மேலும் இறங்குகிற வெடிப்பு உண்டு. ஆட்டுக்குட்டி கால் விட்டு முறித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். இந்த வெடிப்பைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் பஞ்சம் என்று போட்டோ எடுத்துப் போவார்கள். விவசாயிக்கு அது வாய். முதல் மழையை அதுதான் அடிமண் வரைக்கும் குடிக்கும். நாலைந்து மழை ஆனதும் மேலே ஊதி அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பெய்கிற தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு வழிய ஆரம்பிக்கும். மண் போவது அப்போதுதான். எங்கள் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், சில வாரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த மண்ணை விரும்பி வந்து குடியேறியவர்கள் உண்டு. விஜயநகர, நாயக்கர் காலத்தில் வடக்கே இருந்து வந்த தெலுங்கு பேசும் ரெட்டிமார், நாயக்கமார் குடும்பங்கள் தாமிரபரணி, வைகைக் கரையின் நஞ்சைக்குப் போட்டி போடாமல், மற்றவர்கள் அதிகம் தொடாத கரிசலில் காலூன்றினார்கள். அவர்கள் விட்டு வந்த ஊரிலும் கரிசல்தான். பருத்தியும் சோளமும் கைவந்த வேலை. ரெட்டியபட்டி, நாயக்கன்பட்டி என்று ஊர்ப்பெயர்கள் விளாத்திகுளம் வரைக்கும் சிதறிக் கிடப்பது அப்படித்தான். கருங்கண்ணியும் உப்பமும் விளைந்து பொதிபொதியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயின. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. அதே வருடம் மழை பொய்த்து, 1878 வரைக்கும் நீண்ட தாது வருடப் பஞ்சமும் ஆரம்பித்தது. பருத்தி ஏற்றுகிற ரயில் வந்தாலும் வயிற்றுக்குக் கம்பு வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. எங்கள் தாத்தா காலம் வரைக்கும் பருத்தி போட்ட புஞ்சையில் ஓரமாகவாவது தவசம் இல்லாமல் இருக்காது.

அரசாங்கம் இந்த மண்ணைக் கவனிக்கத் தொடங்கியது பருத்திக்காகத்தான். 1901இல் கோவில்பட்டியில் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. மண் அரிப்பு என்று ஒரு சங்கதி இருப்பதாக அதிகாரிகள் பேச ஆரம்பித்தது 1930களில். அமெரிக்காவில் புழுதிப்புயல் அடித்துக் குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடி, 1935இல் அந்த நாட்டு அரசாங்கம் மண் பாதுகாப்புக்கென்றே ஒரு இலாகாவை அமைத்த காலம். இங்கே அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரிக்குப் பக்கத்தில் ஹகரியில் மானாவாரி ஆராய்ச்சி நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சம உயர வரப்பு எல்லாக் கலெக்டர் ஆபீஸ் பேச்சிலும் அடிபட்டது. 1959இல் சென்னை மாநில நில மேம்பாட்டுத் திட்டச் சட்டம் வந்தது. ஒரு சரிவு முழுவதற்கும் திட்டம் போட்டு, தனித்தனிப் பட்டாக்காரர் நிலத்தினூடே வரப்பு எடுத்துப் போக அந்தச் சட்டம் வழிவிட்டது.

சட்டம் வழிவிட்டால் போதுமா? சம உயர வரப்பு தண்ணீர்மட்டம் போகிற வழியில் வளைந்து வளைந்து போகும். பங்காளிகளின் துண்டு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேர்கோட்டில் கிடக்கும். இரண்டும் குறுக்கு நெடுக்காக வெட்டிக்கொள்ளும். நான் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் லெவல் கருவியின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய்யா ஓவர்சியரு, தண்ணி என்ன எல்லைக்கல்லைப் பாத்தா போகுது? நீரு போடற வரப்புதான் சரி. ஆனா எந்தம்பி ஒத்துக்க மாட்டான்" என்றார். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. தன் துண்டில் வரப்பு விழுகிற இடம் இரண்டு படி விதைப்பு வீண் என்றார். நாங்கள் மேலதிகாரியைக் கூட்டி வந்து சட்டத்தைக் காட்டி வரப்பைப் போட்டோம். மறு வருடம் பார்த்தால் தம்பி துண்டுக்குள் மட்டும் வரப்பு இல்லை; அந்த இடைவெளியில் அத்தனை தண்ணீரும் சேர்ந்து பாய்ந்து ஆள் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது. வரப்பே போடாமல் இருந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது.

எங்கள் தொழிலிலும் ஒரு வில்லங்கம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். செம்மண்ணுக்குப் பொருந்துகிற சம உயர வரப்பை ஆழக் கரிசலுக்கும் அப்படியே கொண்டுவந்தார்கள். கரிசல் வரப்பு கோடையில் வெடிக்கும். முதல் வெள்ளம் அந்த வெடிப்பில் புகுந்து வரப்பையே உடைத்துக்கொண்டு போகும். உடையாத வரப்புக்குப் பின்னால் தண்ணீர் இறங்காமல் தேங்கிப் பருத்தி வேர் அழுகும். லேசான சாய்வு கொடுத்து, மிச்சத் தண்ணீரைப் புல் வளர்ந்த ஓடைக்கு மெதுவாக நடத்திக்கொண்டு போகிற வரப்புதான் இங்கே நிற்கும் என்று பிற்பாடு எழுதி வைத்தார்கள். ரெட்டியபட்டிக் கிழவர்கள் காலங்காலமாக ஓடையோரத்தில் புல்லை வெட்டாமல் விட்டது எதற்காம்?

என் சர்வீஸில் வரப்பு நின்ற புஞ்சைகளை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி. அண்ணன் தம்பிகள் பங்கு பிரியாத வீடு, அல்லது பங்கு பிரித்தும் உழவை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்ட வீடு. அவர்கள் கிடை மறிப்பதும் சேர்ந்தே. நாட்டாடு வைத்திருக்கும் கோனார்மாரிடம் பேசி, இன்றைக்கு மேட்டில், நாளைக்கு நடுவில் என்று ராத்திரிக்கு ராத்திரி ஆட்டைப் படுக்கவைத்து நகர்த்துவார்கள். கண்மாய் வற்றிய வைகாசியில் வண்டிகட்டிக் கரம்பை அடிப்பதும் சேர்ந்தே. கண்மாய்க்குள் போய்ச் சேர்ந்தது அவர்கள் புஞ்சை மண்தான். அதைத் திரும்பக் கொண்டுவந்து மேட்டில் கொட்டுகிறார்கள். ஒற்றை ஆள் இதைச் செய்ய முடியாது. மாடு போதாது, ஆள் போதாது, மனசும் போதாது.

டாக்டர் வீடு இந்த இடத்தில்தான் வருகிறது.

எங்களுக்குத் தெற்கே, எட்டயபுரம் பக்கத்துக் கரிசலில் இருக்கிறது வடமலாபுரம். 1918 அக்டோபர் 1ஆம் தேதி அங்கே விவசாயி கோவிந்தப்ப நாயக்கர் வீட்டில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் வெங்கடசாமி. அவருக்குப் பின் நாலு பேர். ஊரில் முறையான பள்ளிக்கூடம் இல்லை. ஆற்று மணலை அள்ளிவந்து பரப்பி விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தார்கள். எருமை மேய்த்துவிட்டு வந்து எழுதுவார்கள். அந்தக் குடும்பத்திலேயே மூன்று பெண்கள் பிரசவ சமயத்தில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். டாக்டர் ஆக வேண்டும் என்று பையனுக்குத் தோன்றியது அப்போதுதான். ஆக நினைத்ததும் பிரசவ டாக்டர்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் 1938இல் பட்டம். அந்தக் கல்லூரியை நடத்திய அமெரிக்க மதுரை மிஷன் எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஊருக்குப் பக்கத்து மண்டபசாலையில் 19ஆம் நூற்றாண்டிலேயே அவர்களுக்கு ஒரு மிஷன் நிலையம் இருந்தது. கரிசல்காட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் படித்த வழி அது. 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவப் பிரிவுக்குப் போனார். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டன. பிரசவம் பார்க்கிற கனவு போயிற்று. கண் மருத்துவத்துக்கு மாறி, 1951இல் அதில் மேல்பட்டம் வாங்கினார். கோணிய விரலுக்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தார். 1956 முதல் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவுக்குத் தலைமை. 1973இல் பத்மஸ்ரீ. இதெல்லாம் எல்லாரும் எழுதியது, நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

யாரும் அவ்வளவாக நின்று பார்க்காத இடம் நடுவில் இருக்கிறது. தகப்பனார் காலத்துக்குப் பிறகு தலைப்பிள்ளை குடும்பத்தைத் தூக்கிக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கைகளைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார். தங்கை நாச்சியாரைக் கண் மருத்துவத்துக்கே இழுத்தார். நாச்சியாரின் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர் ஆனார். தம்பி சீனிவாசன் கட்டடம் கட்டுகிறவர். 1976இல் அரசு வேலையில் ஓய்வு வந்தபோது 11 படுக்கையோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். வங்கிக் கடன் கைகூடவில்லை. வீட்டை அடமானம் வைத்து, வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து நடத்தினார்கள். ஊரில் இதற்குப் பெயர் பொதுவில் வைத்து உழுவது. எந்தப் பங்காளி எவ்வளவு போட்டான் என்று கணக்கு வைத்தால் ஒரு வெள்ளாமைகூட வீடு வந்து சேராது என்று என் அப்பா சொல்வார்.

ஆஸ்பத்திரியின் நடப்பிலும் கரிசல் வீட்டு ஏற்பாடு தெரிகிறது. காசு கொடுக்க முடிந்தவர் கொடுக்கிறார். அதில் காசு இல்லாதவருக்கும் அறுவை நடக்கிறது. இதைப் பற்றி வெளிநாட்டு மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமே வைத்திருக்கிறார்கள். எங்கள் புஞ்சைக் கணக்கில் பருத்தியும் மல்லியும் சந்தைக்கு, கம்பும் குதிரைவாலியும் குதிருக்கு. இரண்டையும் ஒரே மழையில், ஒரே மாட்டை வைத்து, ஒரே கூலியில் எடுத்தால்தான் குடும்பம் தாங்கும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவையில்லை.

என் அம்மாவுக்குப் பருத்தி எடுக்கையில் சுளை தெரியாமல் போன வருடம், அருப்புக்கோட்டையில் நடந்த முகாமுக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய், அறுவை செய்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அம்மாவுக்கு அதிசயமாக இருந்தது அறுவை இல்லை. "அந்தப் புள்ளைக நம்மூரு மாதிரியே பேசுதுக. 'ஆத்தா, கண்ணை அசைக்காதீங்க'ங்குது ஒரு சின்னப்புள்ள. எந்தூருடின்னு கேட்டா நம்ம பக்கத்துக் காட்டுல மொளகா எடுத்த புள்ள" என்றாள். கிராமத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து பெண்பிள்ளைகளை எடுத்து, ஆஸ்பத்திரியிலேயே பழக்கி, பாதி வேலையை அவர்கள் கையில் ஒப்படைப்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். டாக்டர் நாச்சியார் அதை முன்னின்று வளர்த்தார். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை இறக்குமதி செய்ய 100 டாலர் அளவில் ஆன காலத்தில், 1992இல் ஆரோலேப் என்று சொந்தத் தொழிற்கூடம் போட்டுச் சுமார் 10 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். வித்தைக்காரர்கள்தான்.

ஆனால் மண்ணைப் பற்றி எழுதுகிறவனுக்கு அதைவிட முக்கியமாகப்படுவது, ஆஸ்பத்திரிக்கு முந்திய ஒரு சின்ன முயற்சி. 1970களின் தொடக்கத்தில் மதுரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கண் வறண்டு, கருவிழி கரைந்து, பார்வை போய்க்கொண்டிருந்த குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். காரணம் வைட்டமின் ஏ பற்றாக்குறை. அறுவை செய்து சரிசெய்கிற நோய் அல்ல அது. ஆக்ஸ்ஃபோர்டில் கண் ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்ற ஆன்டொனெட் பிரீ என்ற உயிர்வேதியியல் அறிஞரோடு சேர்ந்து, டாக்டர் வெங்கடசாமி மதுரையில் ஒரு சத்துணவு மறுவாழ்வு மையம் நடத்தினார். அதைப் பற்றி 1976இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். குழந்தையோடு தாயும் அங்கே தங்க வேண்டும். மருந்தைவிடச் சமையல் பெரிது. உள்ளூரில் மலிவாகக் கிடைக்கிற கீரையை எப்படி ஆக்கிக் குழந்தைக்குக் கொடுப்பது என்று தாய்க்குக் காட்டி, ஊருக்குப் போய்த் தோட்டத்தில் கீரை போடவும் சொல்லி அனுப்பினார்கள்.

கீரை இல்லாத ஊரா நம்முடையது? இருந்தது. பருத்திக்கு நடுவில் முளைத்த கீரை, சோளக்காட்டு ஓரத்துப் பண்ணைக்கீரை, வீட்டுக்குப் பின்னால் முருங்கை. பங்கு பிரிந்து, துண்டு சிறுத்து, மேட்டுமண் போய், ஒற்றைப் பயிர் போட்டுக் களையை முழுதும் சுரண்டி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் குறைந்தது. கண் மருத்துவருக்குக் கண்ணில் தெரிந்த நோய், நான் புஞ்சையில் பார்த்த நோய்க்குச் சொந்தக்காரன்.

டாக்டர்கள் இந்த வழியில் வந்தது தமிழ்நாட்டில் முதல் தடவையும் இல்லை. குன்னூரில் இருந்த ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ டாக்டர், கோயம்புத்தூர் வேளாண் வேதியியலாளர் விசுவநாத்துடன் சேர்ந்து 1926இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கோயம்புத்தூரில் 1909 முதல் ஒரே நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒன்றுக்கு மாட்டெரு, ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு ஒன்றுமே இல்லை என்று வருடா வருடம் பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆய்வு இன்றும் வேளாண் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. அங்கே மாட்டெரு போட்ட பாத்தியில் விளைந்த சிறுதானியத்தைத் தின்ற பிராணிகள் மற்றதைத் தின்றவற்றைவிட நன்றாக வளர்ந்ததாக அந்த டாக்டர் கண்டார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைக்கு எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் நோயாளியின் தட்டைத் தாண்டிப் பாத்திக்குள் போய்ப் பார்த்த டாக்டர் என்ற அளவில் எனக்கு அவரிடம் மரியாதை உண்டு.

நாச்சியார் அம்மா பிற்காலத்தில் திரும்பியதும் விவசாயத்துக்குத்தான், அதுவும் ரசாயனம் போடாத விவசாயத்துக்கு. 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தபோது கண் மருத்துவர் என்றுதான் போட்டார்கள், சரிதான். பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டி எழுப்பிய அம்மாள் வயதான காலத்தில் பண்ணையில் பொழுது போக்குகிறார் என்று சிலர் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிப் படவில்லை. மேல்மண் ஒரு அங்குலம் சேர எத்தனை காலம் பிடிக்கும் என்று தெரிந்த விவசாயிக்கு அது பொழுதுபோக்காக இருக்க முடியாது. பணம் உள்ளவர்கள் இயற்கை விவசாயம் செய்வது சுலபம் என்ற பேச்சும் உண்டு. பாதி உண்மை. மழை பொய்த்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு அணையாது, எங்கள் வீட்டில் அணையும். ஆனால் மண்ணைத் தேற்ற ஆகிற ஆறேழு வருடத்தை யாராவது ஒருத்தர் நஷ்டத்தில் சுமக்கத்தான் வேண்டும். முன்பு அதைச் சுமந்தது கூட்டுக்குடும்பம். இன்றைக்கு டாக்டர் சம்பளம் சுமந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைக்குப் பக்கத்தில் சிட்டிலிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே போய்ப் பழங்குடி மக்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்தன. அதைக் குறைத்துக்கொண்டு வந்தவர்கள் பத்து வருடம் கழித்து, உரமும் மருந்தும் வாங்கிக் கடனாளியாகி வேலை தேடி வெளியேறிக்கொண்டிருந்த விவசாயிகளோடு உட்கார்ந்து, இயற்கை விவசாயிகள் சங்கம் ஆரம்பிக்கத் துணை நின்றார்கள். அங்கே ஒரே குடும்பத்துப் பங்காளிகளுக்குப் பதில் சங்கம். விதை பொது, விற்பனை பொது. வரப்பு நிற்பதற்கு ரத்த உறவு கட்டாயம் இல்லை என்று சிட்டிலிங்கி காட்டுகிறது. இந்தப் பாடத்தை எங்கள் இலாகா 1959இலேயே படித்திருந்தால் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பிமாரிடம் சண்டை போட்டிருக்க வேண்டாம்.

எங்கள் பக்கம் இன்று எப்படி? பங்கு மேல் பங்கு பிரிந்து உழ முடியாத துண்டுகள் தரிசாயின. தரிசில் சீமைக் கருவேல் ஏறியது. அடுப்புக்கு விறகும் மூட்டம் போட்டுக் கரி எடுக்கப் பிழைப்பும் கொடுத்த மரம் என்பதால் வஞ்சமாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அது ஏறிய புஞ்சையில் வேறெதுவும் தலை எடுக்காது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. அதே வருடம் குடிமராமத்து என்ற பழைய பெயரில் கண்மாய் வேலையும் வண்டல் எடுக்க அனுமதியும் வந்தன. வண்டல் எடுத்தவர்கள் எடுத்தார்கள். மேட்டில் கொட்டுவதற்குச் சொந்தமாகப் புஞ்சை வைத்திருந்தவர்கள் குறைந்துபோயிருந்ததால், செங்கல் சூளைக்கும் வீட்டுமனைக்கும் கொஞ்சம் போனது. கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் வந்தது. அதே கமுதிப் பக்கத்து வல்லந்தையில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியக் குடும்பங்கள் சில சேர்ந்து, கருவேலங்காட்டை மலிவாக வாங்கி, வேரோடு பிடுங்கி, மாவும் கொய்யாவும் நெல்லியும் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பார்த்துவிட்டு வந்து தண்ணீரைப் பற்றியும் பஞ்சாபிக்காரன் உழைப்பைப் பற்றியும் பேசினார்கள். நான் கவனித்தது, அவர்களுக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே தாக்காகக் கிடக்கிறது என்பது. சரிவைப் பார்த்துக் குறுக்கே உழ அவர்களால் முடிகிறது.

எங்கள் ஊரில் இப்போது வெளியூர் டாக்டர்கள், சாப்ட்வேர்காரர்கள் சிலர் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்துப் பண்ணை போட வருகிறார்கள். நல்லது. பழைய ஓவர்சியர் என்று என்னையும் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். சர்வேயர் வந்து புலப்படத்தை வைத்துக் கல் ஊன்றுவார். புலப்படத்தில் பங்காளிக்கும் பங்காளிக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோடு இருக்கும். நாங்கள் வளைத்து வளைத்துப் போட்ட வரப்பு அதில் இருக்காது. அது யாருக்கும் எல்லை இல்லை அல்லவா. அதனால் கருவேலைப் பிடுங்க வருகிற ஜேசிபி முதலில் தள்ளிவிடுவது அந்த வளைந்த வரப்பைத்தான். வண்டி இறங்குவதற்கு முன்னால் ஒரு மழைக்கு வந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று குடை பிடித்து நின்று பாருங்கள் என்று நான் சொல்வேன். சிலர் வந்து நின்றிருக்கிறார்கள்.